அழுத்தியதும் எரிய வேண்டும்

வீட்டில் டார்ச் இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். இப்போது எரியுமா என்று கேட்டால் பதில் சற்றுத் தயங்கித்தான் வரும். அலமாரியின் மேல்தட்டிலோ மேசை இழுப்பறையின் அடியிலோ, அவசரத்துக்கு ஆகட்டும் என்று எப்போதோ வாங்கி வைத்த ஒன்று கிடக்கும். மின்சாரம் போன இரவில்தான் அதன் நினைவு வரும். தேடி எடுத்து அழுத்தினால் மங்கலாக ஒரு புள்ளி வெளிச்சம். சில வீடுகளில் அதுவும் இல்லை.

வாங்கியது மட்டமான டார்ச் என்று முடிவு கட்டி, அடுத்த முறை இன்னும் விலை கூடிய, இன்னும் வெளிச்சம் கூடிய ஒன்றைத் தேடுகிறோம். என் கட்சி வேறு. அவசரத்துக்கென்றே ஒதுக்கி வைக்கும் டார்ச்தான் அவசரத்தில் காலை வாருகிறது. நாள்தோறும் கைக்கு வரும் டார்ச்சில் செல் தீர்வதும் சுவிட்ச் தளர்வதும் உடனுக்குடன் தெரிந்துவிடும், அன்றே சரிசெய்துவிடுவோம். ஒதுக்கி வைத்ததில் கோளாறு ஓசையில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கும். ஆகவே டார்ச் தேடுகிறவர் தன்னிடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, இதைத் தினமும் கையில் எடுப்பேனா என்பதுதான். அளவு, எடை, சட்டைப்பையில் அடங்குமா என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குள் வந்துவிடும். வெளிச்சக் கணக்கு அப்புறம்.

பழைய டார்ச்சில் முதலில் போவது பல்ப். டேவிட் மிசெல் என்ற ஆங்கிலேயருக்கு 1899 ஜனவரியில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்த கைவிளக்கு, பேட்டரிக் கட்டைகளைக் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, முனையில் சிறு பல்பும் பிரதிபலிப்பானும் வைத்தது. அன்றைய செல்களுக்குத் தொடர்ந்து எரிக்கும் தெம்பில்லை. சற்று எரித்து, சற்று ஓய்வு கொடுத்துத்தான் பயன்படுத்த முடிந்தது. எண்பது ஆண்டுகள் கழித்து, 1979இல், டோனி மக்லிகாவின் நிறுவனம் அலுமினியத்தில் கடைந்தெடுத்த மேக்லைட்டைக் கொண்டுவந்தபோது உடம்பு உறுதியாகிவிட்டது. உள்ளே இருந்ததோ அதே இழை பல்ப்தான். அதனால்தான் அதன் வால்மூடிக்குள் உபரி பல்ப் ஒன்றைச் செருகியே விற்றார்கள்.

அந்தக் கவலையை எல்இடி தீர்த்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் பிரகாசமான நீல எல்இடி கைகூடியது. அதன்மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் என்ற பொருளைப் பூசினால் வெள்ளை ஒளி கிடைக்கும். நீல எல்இடிக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவரும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்கள். இழை பல்ப் ஒரு வாட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 10 முதல் 15 லூமன் (ஒளியை அளக்கும் அலகு) தரும். எல்இடி 100 லூமனைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. கீழே போட்டால் அறுந்துபோக இழையும் இல்லை. ஆக, இன்றைய டார்ச்சில் ஒளி தரும் உறுப்புதான் கடைசியாகச் சாகும். முன்னால் சாகிறவை செல், அதன் தொடுமுனை, சுவிட்ச், சார்ஜ் துளை, ரப்பர் வளையம். வேடிக்கை என்னவென்றால், பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் இருப்பது முழுக்க எல்இடியின் பெருமைதான். சாகப்போகிற உறுப்புகளைப் பற்றி மூச்சுக்கூட இருக்காது.

பெட்டியில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது என்று பார்த்துவிடலாம். லூமன் என்பது டார்ச்சிலிருந்து வெளியேறும் மொத்த ஒளி. கேண்டெலா என்பது அந்த ஒளிக்கற்றையின் நடுவில் எவ்வளவு செறிவு இருக்கிறது என்பது. வீட்டுக்குள் அறை முழுவதும் வெளிச்சம் பரவ லூமன் வேண்டும். தொலைவில் நிற்பதைப் பார்க்கக் கேண்டெலா வேண்டும். இவற்றை அளக்க ஒழுங்கான முறை இல்லாமல் ஆளாளுக்கு வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டிருந்த நிலையில், 2009இல் அமெரிக்காவில் எஃப்எல்1 என்ற தரநிலை வந்தது. டார்ச்சை எரியவிட்டு 30 விநாடி முதல் 2 நிமிடத்துக்குள் அளந்த ஒளியைத்தான் லூமனாகச் சொல்ல வேண்டும். ஒளி எட்டும் தொலைவு என்றால் வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம் வரை. முழுநிலா நாளில் திறந்தவெளியில் விழும் வெளிச்சம் அவ்வளவுதான். எரியும் நேரம் என்றால் ஒளி தொடக்க அளவில் பத்து சதவீதமாகக் குறையும் வரை.

இந்த மூன்று விளக்கத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பெட்டி பேசும் மொழி பிடிபட்டுவிடும். 200 மீட்டர் என்று போட்டிருந்தால், 200 மீட்டரில் நிலா வெளிச்சம் அளவுக்கு விழும். அங்கே நிற்பது மாடா மனிதனா என்று மட்டுக்கட்டலாம், முகம் தெரியாது. முகம் தெரிய அதில் பாதித் தூரம், சில சமயம் மூன்றில் ஒரு பங்குதான் கணக்கு. கேண்டெலா தெரிந்தால் தூரத்தை நீங்களே போட்டுப் பார்க்கலாம்: அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்க வேண்டும். 2,500 கேண்டெலாவுக்கு 100 மீட்டர், 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர். தூரம் இரட்டிப்பாக வேண்டுமென்றால் செறிவு நான்கு மடங்காக வேண்டும். 20,000 கேண்டெலா என்று எழுதிவிட்டுப் பக்கத்திலேயே ஒரு கிலோமீட்டர் எட்டும் என்று எழுதியிருந்தால், அந்தப் பெட்டியை வந்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

இதைவிட உபயோகமான கணக்கு ஒன்று உண்டு. இதைத்தான் யாரிடமும் முதலில் சொல்வேன். செல்லின் ஆற்றலை வாட்-மணியில் பாருங்கள். 18650 எனப்படும் லித்தியம் அயான் செல் 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. நல்ல தயாரிப்பில் 3,500 மில்லி ஆம்பியர் மணி, 3.6 வோல்ட், பெருக்கினால் ஏறக்குறைய 12.5 வாட்-மணி. டார்ச் முழுவதுமாகச் சேர்த்து ஒரு வாட்டுக்கு 100 லூமன் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் இந்த ஒரு செல்லில் 1,250 லூமன்-மணி அடைபட்டிருக்கிறது. 1,000 லூமனில் எரித்தால் ஒன்றேகால் மணி நேரம். 100 லூமனில் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். 10 லூமனில் ஐந்து நாள். ஒற்றைச் செல் டார்ச் ஒன்றின் பெட்டியில் 1,000 லூமன், 10 மணி நேரம் என்று இருந்தால், அதற்கு 100 வாட்-மணி வேண்டும், அது அந்தக் குழாய்க்குள் கிடையாது. ஒன்று லூமன் பொய், அல்லது நேரம் பொய். இரண்டும் உண்மையாகவே இருக்கவும் வழி உண்டு: முதல் இரண்டு நிமிடம் 1,000 லூமன், மிச்ச நேரமெல்லாம் நூறை ஒட்டி. தரநிலையின் விளக்கப்படி அது குற்றமே இல்லை.

ஒளி இப்படி இறங்குவது ஏமாற்று வேலை என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. எல்இடி சூட்டை வெறுக்கிறது. கைக்குள் அடங்கும் சிறு டார்ச் 1,000 லூமன் தரும்போது அதன் தலைப்பகுதி சில நிமிடங்களில் பிடிக்க முடியாதபடி கொதிக்கும். உள்ளே இருக்கும் சுற்று அதை உணர்ந்து மூன்றில் ஒரு பங்குக்கோ அதற்கும் கீழோ ஒளியைக் குறைத்துக்கொள்ளும். குறைத்துக்கொள்ளாத டார்ச்சைத்தான் சந்தேகிக்க வேண்டும். உச்ச வெளிச்சம் என்பது ஓட்டக்காரர் கடைசி நூறு மீட்டரில் காட்டும் வேகம்; அதை வைத்து நாள் முழுவதும் நடக்கும் தூரத்தைக் கணக்கிட முடியாது. சூடு தணிந்து நிலைத்து நிற்கும் வெளிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். நேர்மையான நிறுவனங்கள் நேரத்துக்கு எதிரே ஒளி எப்படி இறங்குகிறது என்று கோட்டுப்படமே தருகின்றன.

நம் கண்ணும் லூமனுக்கு நேர்விகிதத்தில் மயங்குவதில்லை. ஒரு வெளிச்சம் இரண்டு மடங்காகத் தோன்ற, ஒளி ஏறத்தாழ நான்கு மடங்காக வேண்டும். 800 லூமனுக்கும் 1,000 லூமனுக்கும் உள்ள வித்தியாசம் அருகருகே வைத்துப் பார்த்தால்கூட அவ்வளவாகத் தெரியாது, விலையில் மட்டும் தெரியும். இரவில் எழுந்து நடக்க 2 முதல் 5 லூமன் போதும். வீட்டுக்குள் வேலை பார்க்க 30 முதல் 50. வெளியில் நடக்க 100 முதல் 200. இதற்கு மேலே உள்ளதெல்லாம் எப்போதாவது சில விநாடி தேவைப்படும் வசதி. ஆகவே டார்ச்சின் உச்சத்தைவிட அதன் அடிமட்டம் எனக்கு முக்கியம். ஒரு லூமனோ அதற்கும் குறைவோ தரும் நிலை இருக்கிறதா? இருளுக்குப் பழக நம் கண்ணுக்கு இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். அப்படிப் பழகிய கண்ணில் 500 லூமன் அடித்தால் டார்ச்சை அணைத்த பிறகு சுவர்கூடத் தெரியாது. நான்கு நாள் மின்சாரம் இல்லாத சூழ்நிலையில் காப்பாற்றுவதும் அந்த அடிமட்டம்தான்.

இனி செல். நம்பகம் என்பதில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கிறேன்.

நீண்ட நாள் கிடந்த டார்ச் ஒன்றின் வால்மூடியைத் திருகிப் பாருங்கள். முதலில் திருகாது. துணி சுற்றி அழுத்தித் திருப்பினால் மரைகளிலிருந்து வெள்ளைப் பொடி உதிரும். ஸ்பிரிங்கின் அடிச்சுற்று பச்சை படர்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். செல்லைக் கவிழ்த்தால் விழாது. உப்பிப்போய்க் குழாயின் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கடைகளில் எங்கும் கிடைக்கும் அல்கலைன் செல்லின் வேலை இது. அதற்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். செல் தீரத் தீர உள்ளே ஹைட்ரஜன் வாயு சேர்ந்து அழுத்தம் கூடுகிறது. ஒரு கட்டத்தில் அடைப்பைத் தள்ளிக்கொண்டு காரம் கசிகிறது. அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டாக உறைவதுதான் அந்த வெள்ளைப் படிவம். வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்தால் கரையும். கையுறை போட்டுக்கொண்டு, கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங் அரித்துப் போயிருந்தால் துடைத்தும் பயனில்லை. புதுச் செல்லும் சும்மா கிடந்து கசியும், விலை கூடிய செல்லும் கசியும். எடுத்து வைக்கும் டார்ச்சுக்குள் அல்கலைன் செல்லைப் போட்டு வைக்காதீர்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் அடித்துச் சொல்லும் ஒரே விதி. செல்லை வெளியே எடுத்து, டார்ச்சோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.

ஏஏ அளவில் இரண்டு மாற்றுகள் இருக்கின்றன. ஒன்று, ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. பழைய வகைகள் சும்மா இருந்தே சில மாதங்களில் வற்றிவிடும். 2005இல் சான்யோ எனலூப்பைக் கொண்டுவந்த பிறகு அந்தக் குறை நீங்கியது. நல்ல செல் ஓராண்டு கழிந்தும் மின்னேற்றத்தின் பெரும்பகுதியைக் கைவசம் வைத்திருக்கும். கசிவது அபூர்வம். அன்றாடப் பயன்பாட்டுக்கு இதைவிடச் சாதுவான செல் கிடையாது. அடைபட்டிருக்கும் ஆற்றல் மட்டும் சுமார் 2.4 வாட்-மணிதான், ஆகவே 100 லூமனில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். இன்னொன்று, ஒருமுறை மட்டும் பயன்படும் 1.5 வோல்ட் லித்தியம் செல். அல்கலைனைவிட எடை குறைவு, கடுங்குளிரிலும் வேலை செய்யும், இருபது ஆண்டு வரை கெடாது என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். விலை கூடுதல். வண்டியிலோ அவசரப் பையிலோ போட்டு மறந்துவிடப் போகிறீர்கள் என்றால் அந்த விலை நியாயமானதுதான்.

வெளிச்சமும் நேரமும் அதிகம் வேண்டுமென்றால் லித்தியம் அயான் பக்கம் போகத்தான் வேண்டும். 18650, அதைவிடச் சற்றுப் பெரிய 21700 இரண்டும் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. இங்கே போலிகளும் பரவல். 18650 செல்லின் மேலுறையில் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தால் அது பச்சைப் பொய். அந்த அளவுக்குள் அவ்வளவு ஆற்றலை யாரும் இன்னும் அடைக்கவில்லை. நல்ல 18650 ஏறத்தாழ 45 முதல் 50 கிராம் எடை இருக்கும். போலியோ பல சமயம் தூக்கும்போதே இலேசாக இருக்கும். சமையலறைத் தராசே போதும் பிடித்துவிட.

லித்தியம் அயானிடம் கொஞ்சம் மரியாதையும் வேண்டும். இரண்டு மூன்று செல்லை வரிசையாக அடுக்கும் டார்ச்சில் பழையதும் புதியதும் கலந்தால், பலவீனமான செல்லை மற்றவை எதிர்த்திசையில் தள்ளிவிடும். அது தீயில் முடியக்கூடும். வீட்டுக்கு ஒற்றைச் செல் டார்ச் போதும் என்பது என் எண்ணம். ஏஏ அளவிலேயே 14500 என்ற லித்தியம் அயான் செல்லும் உண்டு, பார்க்க இரட்டைப் பிள்ளைதான். அதன் மின்னழுத்தம் 3.7 வோல்ட் என்பதால் அதற்கென்று செய்யப்படாத டார்ச்சில் போட்டால் சுற்று கருகிவிடலாம். வெயிலில் பூட்டிக் கிடக்கும் வண்டிக்குள் லித்தியம் அயானை வைப்பதும் நல்லதில்லை. நீண்ட நாள் எடுத்து வைப்பதென்றால் பாதிக்குச் சற்று மேல் மின்னேற்றி வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் ஆயுள் கூடும்.

இப்போது விற்பவற்றில் நிறைய டார்ச்சுகள் செல்லை உள்ளேயே வைத்து மூடிவிடுகின்றன. கேபிளைச் செருகினால் சார்ஜ் ஏறும், அவ்வளவு வசதி. ஆனால் செல்லின் ஆயுள் முடிந்த அன்று டார்ச்சின் ஆயுளும் முடிந்தது. மின்சாரம் இல்லாத மூன்றாம் நாளில் வேறு செல் மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. கழற்றி மாற்றக்கூடிய செல், கூடவே உடம்பில் சார்ஜ் துளை, இரண்டும் உள்ளதுதான் என் தேர்வு. அந்தத் துளையைப் பற்றியும் ஒரு சொல். யுஎஸ்பி-சி என்று போட்டிருக்கும் மலிவான டார்ச்சுகள் சிலவற்றில், இருபுறமும் சி முனை உள்ள கேபிளைச் செருகினால் சார்ஜ் ஏறாது. பழைய ஏ முனைக் கேபிளில்தான் ஏறும். உள்ளே வைக்க வேண்டிய இரண்டு சிறு மின்தடைகளை மிச்சம் பிடித்திருப்பார்கள். வாங்கியவுடன் சோதித்துவிடுங்கள்.

சுவிட்ச் இரண்டு வகை. வாலில் இருக்கும் இயந்திர சுவிட்ச் மின்னோட்டத்தையே துண்டிக்கும். அணைத்தால் செல்லிலிருந்து ஒரு சொட்டும் போகாது. பக்கவாட்டில் இருக்கும் மின்னணு சுவிட்ச் அழுத்த மென்மையாக இருக்கும், ஆனால் நம் விரலுக்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் செல்லை மெல்லக் குடித்துக்கொண்டிருக்கும். நல்ல வடிவமைப்பில் அது அற்பம். மட்டமான வடிவமைப்பில் சில மாதங்களில் செல் காலி. அவசரப் பையில் வைப்பதென்றால் வால்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வையுங்கள். மரைகளுக்கு அனோடைஸ் பூச்சு (மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படலம்) இருந்தால் அந்தக் கால் சுற்றிலேயே மின்சுற்று அறுந்துவிடும். பைக்குள் தானாக அழுந்தி எரிந்து துணியைச் சுடுவதும் நடக்காது.

ஒருமுறை அழுத்தினால் எந்த நிலையில் எரிகிறது என்பதையும் பாருங்கள். எல்லாவற்றிலும் மோசமானது, அணைக்க வேண்டுமென்றால் அதிகம், நடுத்தரம், குறைவு, மின்னல், எஸ்ஓஎஸ் என்று ஐந்து நிலையையும் சுற்றிவந்துதான் அணைக்க முடியும் என்கிற டார்ச். தூங்குகிறவர் பக்கத்தில் அதை அணைக்கப் பார்த்தால் அறையே கண்காட்சியாகிவிடும். மின்னலடிக்கும் நிலையை வீட்டில் யாரும் பயன்படுத்திப் பார்த்ததில்லை. ஆனாலும் அது இல்லாத டார்ச்சைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

உடம்புக்கு வருவோம். தடித்த அனோடைஸ் பூச்சுள்ள அலுமினியம் சூட்டையும் கடத்தும், உரசலையும் தாங்கும். பிளாஸ்டிக்கை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. குளிரில் கையைக் கடிக்காது, மின்சாரம் கடத்தாது, 100 லூமனுக்குச் சூடும் பெரிதில்லை. உலோகமா பிளாஸ்டிக்கா என்பதைவிட உள்ளே பார்க்க வேண்டும். செல்லின் இரு முனையிலும் ஸ்பிரிங் இருந்தால் நல்லது. ஒரு முனையில் மட்டும் இருந்தால், கீழே விழும் வேகத்தில் செல் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு நகர்ந்து கண நேரம் தொடர்பு அறும். டார்ச் அணையும் அல்லது நிலை மாறும். கடையிலேயே உள்ளங்கையில் டார்ச்சை ஓங்கித் தட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். எரியும்போது தட்டுங்கள், ஒளி சிமிட்டக் கூடாது. எஃப்எல்1 தரநிலையில் விழும் சோதனை காங்கிரீட் தரையில் குறைந்தது ஒரு மீட்டர் உயரத்திலிருந்து.

நீர்காப்பில் ஐபிஎக்ஸ்4 என்றால் எத்திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். ஐபிஎக்ஸ்8 அதற்கும் மேல், எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளர் சொல்ல வேண்டும். நடுவில் உள்ள எக்ஸ் என்ற எழுத்துக்கு, தூசிக்காகச் சோதிக்கவில்லை என்று மட்டுமே பொருள். இந்த எண்கள் எல்லாம் புது டார்ச்சுக்கு. மூடியின் கழுத்தில் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்தாலோ, சார்ஜ் துளையின் மூடி சரியாக உட்காராவிட்டாலோ எண்ணுக்கு மதிப்பில்லை. திருகும்போது மணல் அரைபடுவது போன்ற சத்தம் கேட்டால் மரைகளைப் பழைய துணியால் துடைத்து, துளி சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். கறுத்த மசி துணியில் இறங்கும். அதற்குப் பிறகு மூடி வழுக்கிக்கொண்டு சுற்றும். இந்த ஒரு பராமரிப்புக்கே நல்ல டார்ச் பல ஆண்டு நன்றி காட்டும்.

ஒளியின் குணத்தைப் பற்றிச் சுருக்கமாக. வெள்ளைச் சுவரில் அடித்துப் பாருங்கள். நடுவில் பிரகாசமான வட்டம், சுற்றிலும் மெல்லிய பரவல், இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்திருந்தால் அன்றாடத்துக்கு ஏற்றது. சிறு புள்ளியாகக் குவிந்தால் தொலைவுக்கு நல்லது, காலடி தெரியாது. அடுத்து, உங்கள் உள்ளங்கையில் அடித்துப் பாருங்கள். சாம்பல் பூத்த தோலாகத் தெரிந்தால் நிறங்காட்டும் திறன் குறைவு. சாதாரண எல்இடிகளில் இந்த அளவெண் 70 அளவில் இருக்கும், 90க்கு மேல் இருப்பவையும் கிடைக்கின்றன. சிவப்பு ஒயருக்கும் பழுப்பு ஒயருக்கும் வேறுபாடு தெரிய வேண்டிய நேரத்தில், காயத்திலிருந்து வருவது இரத்தமா அழுக்கா என்று பார்க்க வேண்டிய நேரத்தில், 90க்கு மேற்பட்டதன் அருமை புரியும். அதே மின்சாரத்துக்கு லூமன் சற்றுக் குறையும். குறையட்டும்.

கைபேசி வெளிச்சம் இருக்கும்போது டார்ச் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆபத்துக்குப் பாவமில்லைதான், ஆனால் உதவி கேட்டுப் பேச வேண்டிய கருவியின் பேட்டரியை விளக்கெரித்துத் தீர்ப்பது கெட்டிக்காரத்தனம் இல்லை. கையால் சுற்றி மின்னேற்றும் டார்ச்சும் அவசரத்துக்கு என்று சொல்லி விற்கப்படுகிறது. அதற்குள்ளும் பெரும்பாலும் ஒரு சிறு ரீசார்ஜ் செல்தான். தீண்டாமல் கிடந்தால் அதுவும் சாகும். பிறகு எவ்வளவு சுற்றினாலும் கை வலிதான் மிச்சம். இந்த இரண்டுக்கும் பதிலாக, நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்றை வாங்குங்கள். இரண்டு கையும் ஒழிந்திருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போதோ ஒழுகும் குழாயை அடைக்கும்போதோ தெரியும். பனிமூட்டத்திலும் புகையிலும் மட்டும் அதைக் கழற்றி இடுப்புயரத்தில் பிடியுங்கள். கண்ணுக்கு அருகிலிருந்து கிளம்பும் ஒளி துகள்களில் பட்டுக் கண்ணுக்கே திரும்பும்.

டார்ச் வாங்கியாயிற்று என்றால் அதற்கு ஓர் இடம் வேண்டும், அது மாறக் கூடாது. படுக்கையிலிருந்து எழாமல் கை எட்டும் இடமாக இருந்தால் உத்தமம். இருளில் ஒளிரும் நாடாவில் ஒரு துண்டு ஒட்டிவிட்டால் தேடும் வேலை பாதியாகும். அறை முழுவதும் வெளிச்சம் வேண்டுமென்றால் டார்ச்சைச் செங்குத்தாக நிறுத்திக் கூரையில் அடியுங்கள். வெள்ளைக் கூரை என்றால் கண் கூசாமல் சாப்பிடும் அளவுக்கு ஒளி இறங்கும். அதற்கு வால் தட்டையாக இருக்க வேண்டும். சுவிட்ச் வாலைத் தாண்டித் துருத்திக்கொண்டிருக்கும் டார்ச் நிற்காது. எரிவாயு கசியும் வாடை அடித்தால் உள்ளே நின்றுகொண்டு எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், டார்ச் சுவிட்சையும்தான். சாதாரண டார்ச்சின் தொடுமுனையில் தெறிக்கும் சிறு பொறியே போதும். வெடிக்கும் வாயு உள்ள இடங்களில் வேலை செய்கிறவர்களுக்கென்று சான்றிதழ் பெற்ற டார்ச்சுகள் தனியாக இருக்கின்றன.

மலையிலோ காட்டிலோ வழி தவறினால் மின்னல் நிலை தேவையில்லை, ஒரு நிமிடத்துக்கு ஆறுமுறை விளக்கை எரித்து அணைத்து, அடுத்த நிமிடம் சும்மா இருந்து, மீண்டும் ஆறுமுறை. ஆல்ப்ஸ் மலையேறிகளிடையே 1894 முதல் வழக்கத்தில் உள்ள அடையாளம் இது. கண்டவர்கள் நிமிடத்துக்கு மூன்றுமுறை காட்டிப் பதில் சொல்வார்கள். கையாலேயே செய்யலாம், பேட்டரியும் மிச்சம்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இத்தனை நிலைகளும் நுணுக்கங்களும் அவர்களிடம் செல்லாது. அழுத்தி வைத்தால் குறைவு, இரட்டை அழுத்தலுக்கு அதிகம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு நாம் நகர்ந்துவிடுவோம். இரவு இரண்டு மணிக்கு அவர்கள் கையில் அது மின்னலடித்துக்கொண்டு நிற்கும். அவர்களுக்கென்று தனியாக ஒன்று வாங்குங்கள். தள்ளினால் எரிய, இழுத்தால் அணைய ஒரே சுவிட்ச். விரலில் தட்டுப்படும் அளவுக்குப் பெரியதாக. 50 லூமனில் ஒரே நிலை, நிக்கல் ஏஏ செல் இரண்டு, மணிக்கட்டில் மாட்ட ஒரு கயிறு. மேசையிலிருந்து உருண்டு கட்டிலுக்கடியில் போய்விடாமல் இருக்க, தலைப்பகுதி அறுகோணமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.